ஊர்தியைச் செவ்வனே மெழுகிடல் வேண்டும்

எங்கள் தெருவில் புதிதாகக் கார் வாங்கிய ஒருவர் போன வாரம் என்னிடம் வந்து, வெளியில் நிற்கிற வண்டிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை மெழுகு பூச வேண்டும் என்று கேட்டார். முப்பது வருடம் சர்க்கார் அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மற்றவை எப்படியோ, இந்தக் கேள்விக்கு எனக்கு நிஜமாகவே விடை தெரியும். ஒரு சொம்பு தண்ணீரை வண்டிமேல் ஊற்றிப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது, படுத்துப் பரவினால் தீர்ந்துவிட்டது, அப்போது பூசினால் போதும் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. இத்தனை நாள் என்று ஒரு எண் வேண்டுமாம். எண் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அப்படி ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். எந்தத் துறை என்று சொல்லமாட்டேன். அந்த மலையில் தனக்கு என்ன வேலை என்று அந்தத் துறைக்கே தெரியாது. ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். முன்னறை சிமெண்டுத் தரை. பழைய கோப்புகளைக் கட்டிப் போட்டிருந்த பின்னறை மண் தரை. நாங்கள் மொத்தம் நான்கு பேர். அதிகாரி, ஜீப் டிரைவர், நான், அப்புறம் காலையில் வந்து பெருக்கிவிட்டுப் போகிற ஒரு அம்மா.

அந்த அம்மா அரை மணி நடை தூரத்தில் இருந்த ஒரு குக்கிராமத்துக்காரர். தினமும் பெருக்குவார், கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், வெள்ளிக்கிழமை தவறாமல் பின்னறைத் தரையைச் சாணி கரைத்து மெழுகுவார். ஒன்பது வருடமாகப் பகுதிநேர வேலை. அவர் வீட்டுக்காரர் தேனெடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். அதனால் வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு ஒரு மனு கொடுத்திருந்தார். நான்தான் தட்டச்சு செய்தேன். திங்கட்கிழமை நான் ஊரிலிருந்து மலையேறி வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "நம்ம காய்தம் இன்னா ஆச்சி சார்?" என்பதுதான். போயிருக்கிறது, வரும் என்பேன். அது அதிகாரியின் மேசை இழுப்பறையைத் தாண்டவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். மலைக்கு வந்ததைத் தண்டனை என்று நினைத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது, ஆனால் தண்டனை மலைக்கு. அவருக்கு மலையில் பிடித்த ஒரே ஜீவன் அந்த ஜீப். ஜீப்புக்குக் கொட்டகை கிடையாது. கொட்டகை கேட்டு எழுதிய கடிதத்துக்கு, எந்த அளவில் கொட்டகை என்று ஒரு கேள்வி வந்தது. அளவு எழுதினோம், எதற்கு இத்தனை பெரிய கொட்டகை என்று அடுத்த கேள்வி வந்தது. அதோடு அந்தக் கோப்பு பின்னறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. ஜீப் வாசலில் நாவல் மரத்தடியில் நின்றது. பழம் பழுக்கிற காலத்தில் ஊரில் உள்ள பறவையெல்லாம் அங்கேதான் சாப்பிடும், அங்கேதான் மற்றதும்.

"பத்தடி தள்ளி நிறுத்தினா போதும் சார். எச்சம் வுழாது" என்று டிரைவர் சொல்லிப் பார்த்தார்.

"நிழல் போய்விடுமே" என்றார் அதிகாரி.

ஒருமுறை சென்னைக்குப் போனவர், வண்டிக்குப் பூசுகிற மெழுகு ஒரு டப்பா வாங்கி வந்தார். அதோடு ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கையேடும் இருந்தது. வெளியில் நிற்கும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசவும் என்று அதில் போட்டிருந்தது. படித்தால் விட்டுவிட வேண்டியதுதானே? இவர் ஆராய்ச்சியில் இறங்கினார். மூன்று மாதம் என்பது குளிர்தேசத்துக் கணக்கு. நமக்கு வெயில், பனி, பறவை என்று மூன்று உபத்திரவம். ஆகவே மூன்றால் வகுத்தால் ஒரு மாதம். மேலும் நாம் மலைமேல் இருப்பதால் சூரியனுக்குக் கிட்டத்தில் இருக்கிறோம். ஆகவே நான்கால் வகுத்தால் ஒரு வாரம். இதை அவர் சிரிக்காமல் எங்களிடம் சொன்னார். நாங்களும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டோம்.

டிரைவர்தான் அந்தத் தண்ணீர்ச் சோதனையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். அன்று அதிகாரியிடமே சொன்னார். "தண்ணி ஊத்திப் பாருங்க சார். முத்தா உருண்டா மெழுகு இருக்குதுன்னு அர்த்தம். படுத்துக்கிச்சின்னா போச்சி. வருசத்துக்கு மூணு தரம், நாலு தரம் போட்டா ஜாஸ்தி. சும்மா சும்மா தேச்சா பெயின்ட்டு தேஞ்சிடும். அதவிட பிரேக்க கொஞ்சம் பாருங்க சார். எறக்கத்துல நிக்க மாட்டேங்குது."

பிரேக்கைப் பார்க்கலாம் என்றார் அதிகாரி. நிற்காத ஜீப்பாக இருந்தாலும் பளபளவென்று போக வேண்டும் என்பது அவர் கொள்கை. வாரா வாரம் தேய்க்க டிரைவர் மறுத்துவிட்டார். ஓட்டுவதும் கழுவுவதும் தன் வேலை, மெழுகு பூசுவது தன் கடமைப் பட்டியலில் இல்லை என்று பட்டியலையே கொண்டுவந்து காட்டினார். எனவே அந்த வேலை, பட்டியலே இல்லாத பெருக்குகிற அம்மாவின் தலையில் விழுந்தது.

வாயால் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அது எல்லாவற்றையும் எழுத்தில், அதுவும் தமிழில் போட வேண்டும் என்று மேலிடம் நெருக்கிக்கொண்டிருந்த காலம். அதுவரை விடுப்புச் சீட்டைக்கூட ஆங்கிலத்தில் எழுதிய மனிதர், ஒரே மாதத்தில் செந்தமிழ் எழுதத் தொடங்கினார். நான் எழுதுகிற தமிழ் கொச்சை என்று திருப்பி அனுப்புவார். 'வந்தார்' என்று எழுதினால் 'வருகை புரிந்தார்' என்று திருத்துவார். ஒரே கடிதத்தை ஐந்து முறை தட்டியிருக்கிறேன். அந்த ஆள்மேல் எனக்கிருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் 'வருகை புரிந்தார்' என்று தட்டிக் கொடுத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் பல்லைக் கடிப்பதுதான் என் வீரம்.

ஒரு புதன்கிழமை அவர் கொடுத்த ஆணை இது: 'அலுவலக ஊர்தியானது திறந்தவெளியில் நிறுத்தப்படுவதைக் கருத்திற்கொண்டு, பகுதிநேரப் பெருக்குநர் அவ்வூர்தியை வாரந்தோறும் வெள்ளிக்கிழமை முற்பகல் செவ்வனே மெழுகிடல் வேண்டும். தவறின் நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும்.'

தட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மெழுகை இடுவது என்று அவர் நினைத்து எழுதியிருக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் மெழுகு என்று ஒரு பெண்பிள்ளையிடம் சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாணியைக் கரை, இழுத்துப் பூசு. அதிலும் இந்த அம்மா எங்கள் அலுவலகத்திலேயே ஒன்பது வருடமாக வெள்ளி தோறும் மெழுகுகிறவர். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னொரு முறை தட்டச் சொல்வார். சொல்லவில்லை. மெழுகு டப்பாவைத் திருட்டுக்குப் பயந்து அவர் தன் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து எடுத்துக் கொடுப்பதாக இருந்தார். அந்த அம்மா விடிந்ததும் வருகிறவர் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு நாளாவது நேரத்தில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை அந்த அம்மா ஆணையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா சார் எழுதியிருக்குது?"

எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன்.

"வண்டிய மெழுகணுமா?"

"அப்டித்தாம்மா போட்டிருக்குது. வெள்ளிக்கெழம காலைல."

"தரையத்தான மெழுகுவாங்க? வண்டிய எதால சார் மெழுகறது?"

"மெழுகறதுன்னா வேற எதாலம்மா மெழுகுவாங்க?"

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த அம்மா வாசலில் நின்ற ஜீப்பை எட்டிப் பார்த்தார். "நாளைக்கி பெரிய அய்யா வர்றாரு இல்ல, அதுக்காவ மங்களமா இருக்கட்டும்னு சொல்றாரா?" என்றார். மேலதிகாரி ஒருவர் வெள்ளியன்று பார்வையிட வருவதாக இருந்தது. வரும்போது உன் மனுவைப் பற்றிச் சொல்கிறேன் என்று எங்கள் அதிகாரி அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அப்டித்தான்னு வெச்சிக்கயேன்" என்றேன்.

அந்த மலையில் மெழுகு என்றால் என்னவென்று தெரியாத ஆளே கிடையாது. தேனடையைப் பிழிந்து மெழுகை உருட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள். தேன்மெழுகு மாதிரி ஒன்றைப் பூசணும்மா, டப்பா அய்யாகிட்ட இருக்குது என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. எனக்கு அன்று அது தீரக் கூடாது. மேலதிகாரி முன்னால் எங்கள் அதிகாரி முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கமாகப் பத்து மணிக்கு எட்டிப் பார்க்கிற நான் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே அலுவலகத்தில் இருந்தேன். ஜீப் பச்சைப் பசேலென்று நின்றது. கதவு, பக்கவாட்டு, பின்புறம் எல்லாம் வளைவு வளைவாகக் கை இழுத்த தடம். என்ஜின்மேல் இருக்கிற முன்மூடியில் அரிசிமாவால் கோலம், நடுவில் குங்குமம். இத்தனை அழகாக ஒரு சர்க்கார் வாகனத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு, நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிய மட்டும் வுட்டுட்டேன் சார், டிரைவருக்கு வழி தெரியணுமே. நம்பர் பலகையும் வுட்டுட்டேன். துரும்பு கிரும்பு இருந்தா வண்டி கீறிக்கும்னு துணில வடிகட்டித்தான் பூசனேன்."

நன்றாக இருக்கிறது என்றேன். உள்ளே போய் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன்.

எட்டு மணிக்கு டிரைவர் வந்தார். பார்த்ததும் அவரும் சிரித்தார், தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு யார் சொன்னது என்று கேட்டார். "சார்தான் படிச்சி சொன்னாரு" என்று அந்த அம்மா என்னைக் காட்டினார். டிரைவர் என்னைப் பார்த்தார். அதோடு அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒன்பதேகாலுக்கு அதிகாரி வந்தார். மேலதிகாரியை அழைத்துவர ஜீப் பத்து மணிக்கு ஆலங்காயம் பஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். சாணி வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது. அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பேச்சு ஆங்கிலத்தில்தான் வந்தது. ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த செந்தமிழில் ஒரு சொல்லும் அவர் உதவிக்கு வரவில்லை. யார் செய்தது என்று கத்தினார். அந்த அம்மா முன்னால் வந்து, "நாந்தாங்க" என்றார். பாராட்டு வரும் என்று நினைத்திருந்தார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பன்னிரண்டு குடம் தண்ணீர். பன்னிரண்டையும் கிணற்றிலிருந்து சுமந்தது அந்த அம்மாதான். டிரைவர் தேய்த்துக் கழுவினார். கழுவி முடித்ததும் எனக்கு வண்டியைக் காட்டி, "பாருங்க, ஒரு கீறல் இல்ல" என்றார். பிறகு தணிந்த குரலில், "பெரியவரு வந்தா நீங்க சொல்லிடுங்க சார். படிச்சது நாந்தான், அந்தம்மா தப்பா புரிஞ்சிக்கிச்சின்னு ஒரு வார்த்த. உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நீங்க பர்மனன்ட்டு" என்றார். சரி என்றேன்.

மேலதிகாரி ஒன்றரை மணி நேரம் பஸ் நிலையத்தில் நின்றுவிட்டு வந்தார். கதவிடுக்கில் ஒட்டியிருந்த சாணி அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் ஏறியிருந்தது. நான் எதிர்பார்த்திருந்த காட்சி நடந்தது. எங்கள் அதிகாரியின் முகம் போக வேண்டிய போக்கெல்லாம் போயிற்று. அனுபவித்துப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. பெருக்குகிறவள் மூளையில்லாமல் செய்துவிட்டாள் என்று அவர் சொல்ல, மேலதிகாரி ஆணையைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு முறை படித்தார். முட்டாள் இல்லை அந்த மனிதர்.

"அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்படியானால் யார் படித்துச் சொன்னது?" என்று கேட்டு என்னைப் பார்த்தார்.

"நான் தட்டச்சு மட்டும்தான் சார் செய்தேன்" என்றேன்.

அதில் கொச்சை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. டிரைவர் வாசலில் நின்றிருந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப் பக்கம் போய்விட்டார். அந்த அம்மா கிணற்றடியில் குடங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார், அவர் காதில் எதுவும் விழவில்லை.

விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை போயிற்று. தட்டியது நான். அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மா படித்துக் காட்டச் சொல்லி என்னிடமே வந்தார். படித்தேன். பதிலும் நீங்களே எழுதிக் குடுங்க சார் என்றார். "நீங்க படிச்சி சொன்னதத்தான் செஞ்சேன்னு எழுதுங்க. அது போதும். அவங்களுக்குப் புரிஞ்சிடும்." எழுதினேன். ஆணையின் பொருளைத் தன் அறியாமையால் தவறாக விளங்கிக்கொண்டு இப்பிழையைப் புரிந்துவிட்டதாகவும், கருணை கூர்ந்து மன்னிக்குமாறும் எழுதினேன். பெருவிரலில் மை தடவி, காகிதத்தில் வைத்து அழுத்தியது நான். அவர் விரல் சாணி மெழுகி மெழுகிக் காய்த்துக் கெட்டியாக இருந்தது, ரேகை சரியாக விழவில்லை. இரண்டாம் முறை அழுத்தினேன்.

இந்த விளக்கத்தின் தமிழ் நன்றாக இருக்கிறது என்று எங்கள் அதிகாரி என்னைப் பாராட்டினார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

ஜீப் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதன்பிறகு வேறொரு ஆளைப் போட்டு, டப்பா மெழுகால் வாரா வாரம் தேய்த்தார்கள். ஒரு வருடத்தில் முன்மூடியில் பெயின்ட் தேய்ந்து அடிப்பூச்சின் செங்காவி வெளியே வந்துவிட்டது. கதவில் எழுதியிருந்த துறையின் பெயர் பாதி அழிந்தது. பிரேக்கைக் கடைசிவரை பார்க்கவில்லை. அந்த வண்டிக்கு எங்கள் காலத்தில் நடந்த ஒரே நல்ல பராமரிப்பு, வடிகட்டிய சாணி பூசிய அந்த ஒரு காலைதான்.

அந்த அம்மாவை நீக்கும் ஆணை ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. நேரில் கொடுத்துக் கைநாட்டு வாங்க வேண்டும் என்று என்னிடம் கொடுத்துவிட்டு அதிகாரி வெளியூர் முகாம் போய்விட்டார். மறுநாள் வெள்ளி. அவர் வழக்கம்போலச் சாணிக் கூடையோடு வந்தார். நான் வாசலிலேயே நிறுத்தி, காகிதத்தைக் காட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று போட்டிருக்கிறது என்றேன். மனு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. கூடையை இறக்கி வைத்தார்.

"நான் சொன்னத எழுதினீங்க இல்ல சார்?"

"எழுதினேம்மா."

"நீங்க படிச்சி சொல்லித்தான் செஞ்சேன்னு?"

"அதும் இருக்குது."

"அப்ப சரி" என்றார். "செஞ்சது தப்புன்னா அவங்க இஷ்டம். சொல்லாத பூட்டேன்னு இருக்கக் கூடாது இல்ல?"

மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்து பாவமன்னிப்புக் கேட்கும்போது, பொய் சொன்னேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். யாரிடம், எதற்கு என்று எந்தச் சாமியாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். வேண்டாம்மா, நாளையிலிருந்துதான் இல்லை என்றாலும் இன்றைக்கும் வேண்டாம் என்றேன். "கரைக்க எடுத்தாந்துட்டேன் சார், வெள்ளிக்கெழமயும் அதுவுமா" என்று சொல்லிவிட்டு, மூலையிலிருந்து வாசற்படி வரை தரை முழுவதையும் மெழுகி முடித்தார். போகும்போது, "காயற வரைக்கும் மிதிக்காதீங்க சார்" என்றார்.